காரைக் காப்பாற்றப் பஸ்ஸில் போன நூறு அண்ணா

பிள்ளைகளே, எலக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, அதில் சார்ஜ் குறையக்கூடாது என்பதற்காகப் பஸ்ஸில் போன மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் இரும்புலியூர் தெருவில் இருந்தார். இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டினால் நான் மொட்டை அடித்துக்கொள்ளத் தயார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் நூறு அண்ணா. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து கார் கதவைத் திறப்பார். உள்ளே இருக்கும் திரையில் நூறு என்று காட்டும். உடனே நுரை வாயோடு தெருவைப் பார்த்து, "நூறு!" என்று ஒரு சத்தம் போடுவார். பால் பாக்கெட்டோடு போகிறவர்கள், "சந்தோசம்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாமல் போனால் அண்ணா மறுபடி சத்தம் போடுவார்.

எலக்ட்ரிக் கார் என்பது ஒரு பெரிய செல்போன் மாதிரிதான். ராத்திரி ஒயரைச் சொருகினால் காலையில் நிறைந்திருக்கும். ஓட்ட ஓட்டக் குறையும். நாம் பேசுவதற்காகப் போனைச் சார்ஜ் போடுகிறோம். அண்ணா, சார்ஜ் இருக்க வேண்டும் என்பதற்காகவே சார்ஜ் போட்டார்.

அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்தது. அவர் குடும்பத்து நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாதிரி வரிசையாகக் கடைகள். வாடகை தானாக வந்துவிடும். கவலைப்படுவது ஒன்றுதான் அவருக்கு வேலை. எதிர் வரிசையில் தண்ணீர் கேன் கடை வைத்திருந்த என்னிடம் வந்து உட்கார்ந்து மனம்விட்டுக் கவலைப்படுவார்.

கார் வந்த புதிதில் டீக்கடை மாஸ்டர் ஆரம்பித்து வைத்தார். "அண்ணா, கரண்ட் வண்டி நட்டாத்துல நின்னா கேன்ல புடிச்சாந்து ஊத்த முடியாது. அம்போன்னு நிக்கணும்." அந்த 'அம்போ' அண்ணாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து நூறு தொண்ணூற்றொன்பது ஆனால் அவருக்குக் கைகால் ஓடாது.

ஒருமுறை கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். காரில் போகலாம் என்று அண்ணாவே சொல்லிவிட்டார். அங்கே சார்ஜ் போடும் இடம் வேலை செய்கிறதா என்று பார்க்க, முதல் நாள் பஸ் பிடித்துப் போய்விட்டு வந்தார். வந்து என் கடையில் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தார்.

"மிஷின் நல்லா கீது. பச்ச லைட்டு எரியுது. பக்கத்துல மசால் வடை சுமார்தான்."

"அப்போ நாளைக்குக் கார்ல போறீங்களா?"

"அது இன்னிக்கி எரிஞ்ச லைட்டுடா. நாளைக்கி எரியும்னு யார் சொன்னா?"

மறுநாளும் பஸ்ஸில்தான் போனார்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தி நசுக்குவார்கள் இல்லையா? அண்ணா காரை நியூட்ரலில் போட்டுவிட்டு எங்களைத் தள்ளச் சொன்னார். ஏழெட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். "ஓர் அடிதானேண்ணா, ஸ்டார்ட் பண்ணி நகத்தக் கூடாதா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "ஓர் அடி ஓர் அடியாத்தான்டா எல்லாமே காலியாவுது" என்றார். அந்த எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் எங்கள் இடுப்பு நசுங்கிவிட்டது.

இன்னொரு நாள் காலையில் "நூறு" கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், வாயில் பிரஷ்ஷோடு சிலை மாதிரி நிற்கிறார். திரையில் தொண்ணூற்றொன்பது. வண்டி சும்மா நின்றாலும் துளி குறையும் என்று கம்பெனி ஆட்களே சொல்லியிருந்தார்கள். அண்ணா நம்பவில்லை. காரின் முன் மூடிமேல் படுத்திருந்த சாம்பல் பூனையைக் காட்டி, "இதான் உறிஞ்சிக்கினு கீது. பாரு, எப்படிக் கொழுகொழுன்னு கீது" என்றார். பூனை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. சந்தேகம் உறுதியாகிவிட்டது.

சர்வீஸுக்கு வந்த பையன் பணிவாகச் சொல்லிப் பார்த்தான். "சார், எப்பவும் நூறுலயே வெச்சா பேட்டரிக்கு நல்லதில்ல. கொஞ்சம் ஓட்டுங்க."

"ஏம்பா, மாடி டேங்க்ல தண்ணி ஃபுல்லா இருந்தா டேங்க் கெட்டுப்பூடுமா? காலியா இருந்தாத்தான் வூட்ல சண்ட."

வீட்டில் சண்டை என்றால் செல்வி அக்காவோடு. அண்ணாவின் மனைவி. தங்கமான மனுஷி. கார் வந்த அன்றைக்கு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியவர். அதுதான் வினையாகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் அக்காவின் தாய் வீடு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் இவர்கள் அங்கே பஸ்ஸில் போய் இறங்குவார்கள். அக்காவின் அண்ணன் வாசலிலேயே நின்று, "இன்னா மாப்ள, காரு வந்துகினு கீதா? இல்ல போட்டோவுக்குத்தான் வாங்கினீங்களா?" என்று கேட்பாராம். பந்தியே சிரிக்குமாம்.

இப்போது அக்காவின் தங்கை தேவிக்கு வளைகாப்பு வந்தது. அக்கா என் கடை வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"இந்தத் தடவ கார்ல போய் எறங்கறேன். பஸ்தான்னு சொன்னீங்க, நான் போனவ அங்கயே தங்கிடுவேன். தேவிக்குக் கொழந்த பொறந்து, அதுக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் வர மாட்டேன்."

அண்ணா மனசுக்குள் கணக்குப் போட்டார். பல் முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அக்கா இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சோறு என்ன, சட்டைப் பொத்தான் எந்த வரிசையில் போடுவது என்றுகூடத் தெரியாது.

"சரி, கார்லயே போலாம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இரும்புலியூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ஒன்றும் காசி இல்லை. அந்தக் கார் நிறைந்த சார்ஜில் அங்கே போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். ஆனாலும் அண்ணா என்னையும் வரச் சொன்னார். "ஓட்டிகினே நம்பரப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். நீ பக்கத்துல ஒக்காந்து நம்பரப் பாத்து மெதுவா சொல்லு. குறைஞ்சா பக்குவமாச் சொல்லு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கொஞ்சம் வெயிட்டுதான். பரவால்ல."

கிளம்பும் நேரத்தில் வரிசைத் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். "செல்வி, இந்த வாழத்தார மட்டும் பஸ்ல அனுப்பிடலாமா?"

அக்கா வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார்.

ஏசி கிடையாது. அது சார்ஜைக் குடிக்கும். ஜன்னலும் திறக்கக்கூடாது. காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். ஹாரன்கூட அடிக்கவில்லை. தேவைப்பட்டபோது கண்ணாடியை அரை விரல் இறக்கி, "தள்ளுப்பா!" என்று வாயால் கத்திவிட்டு உடனே ஏற்றிக்கொண்டார். பெருங்களத்தூர் வருவதற்குள் நாங்கள் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்துபோனோம். அக்கா முகத்துப் பவுடர் கழுத்து வரை இறங்கியிருந்தது.

"அண்ணா, தொண்ணூத்தெட்டு" என்றேன் பக்குவமாக.

"அய்யோ" என்றார், யாரோ செத்த செய்தி கேட்ட மாதிரி.

வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது எங்களை முன்னால் சாயச் சொன்னார். சாய்ந்தோம். வாழைத்தாரும் சாய்ந்தது. இறங்கும்போது அதிசயம் நடந்தது. இந்த வண்டிகள் இறக்கத்தில் உருளும்போது தானாகத் துளி கரண்ட் செய்து கொள்ளும். திரையில் ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது.

"டேய், ஏறுதுடா! சும்மாவே ஏறுதுடா!"

பாலம் முடிந்ததும் யூ டர்ன் அடித்தார். நான் ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, மறுபடி பாலத்தில் ஏறி, மறுபடி இறங்கினார். ஏறும்போது போவது இறங்கும்போது வருவதைவிட அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். பச்சைக் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு அது ஏறவில்லை. மூன்றாவது தடவைக்கு வண்டியைத் திருப்பினார்.

"இன்னொரு வாட்டி பாலம் ஏறுனீங்க, நான் கதவத் தெறந்து குதிச்சுடுவேன்" என்றார் அக்கா. "நல்ல நேரம் முடியப்போவுது. அங்க எங்கண்ணன் வாசல்ல நின்னுகினு இருப்பாரு."

சரி என்று போனவர், கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் சார்ஜ் போடும் இடம் ஒன்றைக் கண்டதும் ஒடித்துத் திருப்பிவிட்டார். இறங்கி, பெட்ரோல் பங்க் குழாய் மாதிரி இருந்த தடித்த ஒயரை எடுத்துக் காரில் சொருகிவிட்டுத்தான் மூச்சுவிட்டார். எங்களுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதுவும் கரண்ட் வண்டி. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், எவ்ளோ நேரம் ஆவும்? நான் நாலு பர்சென்ட்ல வந்துகினு கீறேன். சவாரி வேற வெய்ட்டிங்ல கீது. உங்களுது எவ்ளோ?"

"தொண்ணூத்தஞ்சுப்பா" என்றார் அண்ணா, நோயாளியைக் காட்டுகிற மாதிரி.

டிரைவர் திரையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது? வண்டி ரிப்பேரா, இல்ல சாரே ரிப்பேரா?"

"உனுக்குத் தெரியாதுப்பா. தூரம் போவணும்."

"எங்க, டில்லிக்கா?"

"சிங்கப்பெருமாள் கோவில்."

டிரைவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், தோ அங்க தள்ளி கீது சார்! நாலு பர்சென்ட்ட வெச்சுகினு நானே போயிடுவேன் சார்!"

அதற்குள் அக்கா இறங்கி வந்துவிட்டார். "தம்பி, இத எப்படி நிறுத்துறது?" டிரைவர் காட்டிக் கொடுத்தார். அக்கா ஒயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணா தொட்டிலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்து நாங்கள் இறங்கிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டை, புடவை எல்லாம் பிழிந்தால் ஒரு கேன் நிரம்பும். வாசலில் நின்ற மச்சான் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. கார்லதான் வந்தீங்களா? இல்ல, தள்ளிகினே வந்தீங்களா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். காரில் வந்தும் அதே சிரிப்பு. அண்ணா அக்காவைப் பார்த்தார். அண்ணாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். கரண்ட் போய் ரொம்ப நேரமாகிறதாம். இன்வெர்ட்டரும் கடைசி ஃபேனைச் சுற்றிவிட்டு மூச்சை விட்டதாம். பட்டுப்புடவையும் மாலையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேவிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் முறத்தால் விசிறினார்கள். அனல்தான் அடித்தது. "நல்ல நேரம் போவுதே, வளையல் எப்போ போடறது?" என்று ஒரு பக்கம் புலம்பல்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணா தானாகப் போய்க் காரின் பின் கதவைத் திறந்தார். "தேவிய இங்க கூட்டினு வாங்க" என்றார். ஏசியை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகினார். உள்ளே குளிர் ஜிவ்வென்று பரவியது. தேவி சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, "அக்கா, பசிக்குது" என்றாள்.

வளைகாப்பு காருக்குள்ளேயே நடந்தது, பிள்ளைகளே! பெண்கள் எல்லாம் ஜன்னலோரம் வரிசையில் நின்றார்கள். தேவி கையை வெளியே நீட்ட நீட்ட, ஒவ்வொருவராக வளையல் போட்டு, சந்தனம் பூசினார்கள். சந்தனம் பாதி தேவி கன்னத்தில், பாதி கார்க் கதவில். ஐந்து வகைச் சாதமும் டிக்கியைத் திறந்து வைத்துப் பரிமாறப்பட்டது. அண்ணா கதவருகே கண்டக்டர் மாதிரி நின்று, "வளையல் போட்டவங்க நகருங்க, பெரியவங்க முன்னாடி வாங்க" என்று சத்தம் போட்டார். சின்னப் பிள்ளைகள் முன் சீட்டில் ஏறி ஹாரனை அமுக்கினார்கள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் மச்சான் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மாப்ள, நானும் செத்த நேரம் உள்ள ஒக்காரட்டுமா?"

"அவகிட்ட கேளுங்க" என்று அண்ணா செல்வி அக்காவைக் கைகாட்டினார்.

அக்கா தன் அண்ணனைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தார். பிறகு, "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார்.

சாயங்காலம் கிளம்பினோம். ஏசி ஓடியது, யாரும் அணைக்கவில்லை. ஊரப்பாக்கம் வரும்போது பின் சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா கைநிறைய வளையலோடு கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நம்பரைச் சொல்ல வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன். அண்ணா விரலை உதட்டில் வைத்தார்.

இரும்புலியூர் வந்தது. எங்கள் தெரு திருப்பம் வந்தது. அண்ணா திருப்பவில்லை.

"அண்ணா, நம்ம தெரு தாண்டிடுச்சு" என்றேன் மெதுவாக.

"தெரியுண்டா. நின்னா முழிச்சிக்குவா. காலையிலருந்து ஒக்காரவே இல்ல."

தாம்பரம் தாண்டி, சானடோரியம் வரை போய்த் திரும்பினோம். அக்கா எழவில்லை. அண்ணா இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினார். கடையில் எனக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். இருந்தாலும் என்னை இறக்கிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.