சாரல் விழுந்ததும் துட்டி கேட்க வந்தவர்கள்

தென்காசி,
ஆனி மாதத்து வியாழக்கிழமை, மழை.

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை தளவாய்க்கு அத்தான் சுந்தரபாண்டி எழுதிக்கொண்டது. நாக்பூரில் நீயும் ஸ்ரீதேவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் மனம் விட்டுப் பேச ஆள் இல்லாத இடம் ஒன்று வேண்டும். அப்படி ஓர் இடம் இப்போது இந்த வீட்டில் இல்லை. அரங்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உலைக்கு அரிசி எடுக்க வந்திருப்பதாக வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் லீவு போட்டுக் குடும்பத்தோடு வருவதாகப் போன வாரம் சொன்னாய். வர வேண்டாம். கோபப்படாதே, கடைசிவரை படி.

உன் அக்கா உலகம்மாள் போனது பங்குனியில். நீ பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு ஓடி வந்தாய், லீவு கிடைக்காமல் மூன்றாம் நாளே திரும்பினாய், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினாறு முடிந்து மகள் ஜெயபிரியாவும் பெங்களூர் போய்விட்டாள். இனிமேல் துட்டி கேட்கச் சொந்தக்காரர்கள் வருவார்கள், உட்காருவார்கள், அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள், நானும் நாலு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஒருவரும் வாசல் மிதிக்கவில்லை. திருவேங்கடத்திலிருந்து சிவசைலம் சித்தப்பா போனில், "ஏலே சுந்தரபாண்டி, மனசே ஆறலடே. இப்ப வெயிலு கொளுத்துது, வண்டில உக்கார முடியல. கொஞ்சம் குளுந்து வரட்டும், எல்லாரும் சேந்து வாரோம்" என்றார். துக்கத்துக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனியில் சாரல் விழுந்தது, குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் கொட்டுவதை டிவியில் காட்டினார்கள், மறுநாள் காலையில் வாசலில் வேன் நின்றது. விளங்கிவிட்டது.

வேனை விட்டு இறங்கியதுமே பெண்கள் அழுதுகொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். துட்டி வீட்டில் கழுத்தைக் கட்டி அழ அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும். இங்கே இருந்த ஒருத்திதான் போய்விட்டாள். அதனால் ஒரே வேனில் வந்தவர்களே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் நடுவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சித்தி மூக்கைச் சிந்திவிட்டு, "எய்யா, இப்பப் போனா அருவில கூட்டம் இருக்குமா?" என்று கேட்டாள். துட்டிக்குப் போனவர்கள் தலை முழுகிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது முறை. "முறைய விட்டுரக் கூடாதுல்லா" என்று சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அந்த முறைப்படி காலையில் மெயின் அருவி, மத்தியானம் ஐந்தருவி, அந்திக்குப் பழைய குற்றாலம் என்று நாலு நாளாக முழுகிக்கொண்டிருக்கிறார்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெய் போக வீட்டில் வந்து சோப்புப் போட்டு இன்னொரு குளி. மாடித் தொட்டி காலி. நகராட்சியில் தண்ணீர் வரி வசூலித்து ரிட்டயர் ஆனவன் நான், என் வீட்டில் எனக்கு முகம் கழுவத் தண்ணீர் இல்லை.

துட்டி வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது என்றும் ஒரு முறை உண்டு. அதையும் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள். சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. உன் அக்கா இருந்தவரை, சீசன் வந்தால் அடுப்படியே கதி என்று கிடப்பாள். இந்த வருஷம் அந்த வேலை எனக்கு. முந்தாநாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு சித்தப்பா, "உலகம்மா வச்சா இப்பிடி இருக்காதுடே" என்றார். இந்த நாலு நாளில் அவளைப் பற்றி இந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே பேச்சு அதுதான். நானாகப் பேச்சை எடுத்தாலும், "விடுடே, மனசத் தளர விடாத" என்று சொல்லிவிட்டு, ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணீர் விழுகிறதா என்று ஆராயப் போய்விடுகிறார்கள்.

நேற்று அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், ஹாலில் உன் அக்கா படத்துக்கு மேலே கொடி கட்டி ஈரத் துணிகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். சித்தப்பாவின் கோடு போட்ட அண்டர்வேரிலிருந்து அவள் நெற்றிப் பொட்டின் மேல் தண்ணீர் சொட்டுகிறது. "என்ன சித்தப்பா இது?" என்றேன். "வெளிய சாரல் அடிக்குதுலே, வேற எங்கன காயப்போட?" என்றார். நியாயமான கேள்விதான். நான் படத்தைத் துடைத்துவிட்டு, ரசம் பொங்கிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

மாப்பிள்ளை, ஆட்கள் வருவதோ சமைத்துப் போடுவதோ எனக்குப் பாரமில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளைப் பற்றிப் பேச ஓர் ஆள் இல்லாமல் தவிக்கிறேன், அவ்வளவுதான். போன வாரம் நீயும் "ஆடில வாரோம் அத்தான்" என்று சொல்லிவிட்டு, "தண்ணி நல்லா விழுதா?" என்று கேட்டாய். பிள்ளைகள் கேட்கச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நீ ஒருத்தனாவது உன் அக்காவுக்காக மட்டும் வருகிறவன் என்ற நினைப்பு எனக்கு மிஞ்ச வேண்டும். ஆகையால் இப்போது வராதே. பங்குனியில், அருவியில் வெறும் பாறை தெரியும்போது, வருஷத் திதிக்கு வா. துண்டு கொண்டு வராதே.

ஸ்ரீதேவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உத்தியோகத்தில் நீ மேலும் மேலும் உயர்ந்து, நோய் நொடி அண்டாமல் வாழக் காசி விசுவநாதர் துணை நிற்பார். வெளியே கதவைத் தட்டுகிறார்கள், அரிசியோடு போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பினேன். சிற்றாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலையில் பேய் மழையாம், ஆறு செம்மண் நிறத்தில் போகிறது, எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். நனைந்து திரும்பினால், குளிக்கப் போனவர்களும் திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் இல்லை, டிவி இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகள் இசக்கிச்செல்வி (நம் வீட்டில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படித்தாளே, அவள்) படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்க?" என்றாள் சித்தி.

"மதினிய நெனச்சேன். அண்ணன் ஆபீசுக்குப் போனதும் சமையலப் போட்டு முடிச்சிட்டு, என்னையக் கூட்டிட்டு பஸ் ஏறிருவா. புலியருவில கூட்டம் இருக்காது. தண்ணிக்குள்ள நின்னு பாட்டுப் படிப்பா, சத்தமா. இரைச்சல்ல யாருக்கும் கேக்காதுன்னு நெனப்பு. பஸ்ஸுலயே தலைய உணத்திட்டு, அண்ணன் வாரதுக்குள்ள ஒண்ணும் தெரியாதது மாதிரி காப்பி போட்டுருவா."

மாப்பிள்ளை, உன் அக்கா பாடுவாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இசக்கிச்செல்வி பாடிக் காட்டினாள். சித்தி அழுதாள், இந்தத் தடவை யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஆளுக்கொன்றாக அவளைப் பற்றியே பேசினார்கள். நானும் பேசினேன், சிரித்தேன், ஓவென்று அழுதேன்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தபாலில் போனால் சேருவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும் என்று இசக்கிச்செல்வி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறாள். முழுவதும் படித்துவிட்டாள் போலிருக்கிறது, அண்டர்வேர் கொடியிலிருந்து இறங்கிவிட்டது. ஆடி வரை காத்திருக்காதே, கிடைத்த ரயிலில் ஏறு. நீ அவளோடு பிறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரியாதது உன்னிடமும் ஏதாவது இருக்கும். தடை நீங்கினால் ஒருவரும் வீட்டில் உட்காரமாட்டார்கள். அதற்குள் வந்துவிடு.