வெள்ளவத்தைச் சண்முகலிங்கம் வேவுச்செயலி அழித்த படலம்

அனைத்தையும் அறிந்திருந்தும் எவரையும் காட்டிக்கொடாத ஆனைமுகனே, துணை நிற்பாயாக! வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் தளத்து வேந்தன், ஓய்வூதியம் பெறும் ஒப்பற்ற எழுதுவினைஞன், ஏறும் இரத்த அழுத்தத்தை ஒரு வெள்ளைக் குளிசையால் அடக்கும் உரவோன் சண்முகலிங்கம், தன் மனைவியின் கைபேசியைக் கைப்பற்றப் போர் தொடுத்த கதையைச் சொல்லத் துணிந்தேன்.

“எங்கே போய் வருகிறாய்?” என்று கேட்கும் துணிவு மட்டும் இல்லாத அவ்வீரன், கண்ணுக்குத் தெரியாத வேவுச்செயலி ஒன்றை மனைவி ஜெயராணி அம்மையின் கைபேசிக்குள் களவாகக் குடியேற்றியிருந்தான். செவ்வாய்தோறும் நீலப்புள்ளியாய் அவள் கொட்டாஞ்சேனைக்குச் செல்வதும், ஒரு மணிநேரம் அங்கே தங்குவதும் அவன் திரையில் தெரிந்தன. இலவசச் செயலியாதலால் அது ஊர்ப்பெயருக்கு மேல் ஒன்றும் உரைக்கவில்லை. கேட்டால் களவு வெளிப்படும். கேளாவிட்டால் நெஞ்சு வேகும்.

அவ்வேளை பத்திரிகை முரசறைந்தது: “பிறர் கைபேசியில் அனுமதியின்றி வேவுச்செயலி இடுவோர் சிறை செல்வர்!” அரசு தான் இடும் செயலிகளுக்கு மட்டும் விலக்களித்துக்கொண்ட அச்சட்டம், வரைவு எழுதும் குழுவை நியமிக்கும் குழுவின் நிலையிலேயே இருந்தது. ஆயினும் மாற்றார் படை மதிலேறக் கண்ட மன்னன்போல் அவன் நடுங்கினான். சட்டத்தை விட ஜெயராணியின் முகமே அவனை அச்சுறுத்தியது.

அன்று மாலையே சாரத்தை வரிந்து கட்டி, செருப்பொலி கேளாவண்ணம் வெறுங்காலனாய், அடுப்படியில் ஜெயராணி முதுகு காட்டி நிற்க, பிட்டு அவியும் புகைமண்டலத்தைப் பிளந்து, குளிர்சாதனப்பெட்டியின் உச்சியில் கிடந்த கைபேசியை வேங்கைபோல் பாய்ந்து பற்றினான். கருவி இரகசிய எண் கேட்டது. திருமண நாளை இட்டான், பிழை என்றது. பிழை கருவியினதன்று, அந்நாளை மறந்தவனது. மும்முறை தோற்றபோது கைபேசி அதிர்ந்தது, ஜெயராணி திரும்பினாள்.

“இஞ்ச தாங்கோ, நான் திறந்து தாறன். அந்த வேவு சாமானை அழிக்கத்தானே நிக்கிறீங்கள்?”

“உமக்குத் தெரியுமோ?”

“போட்ட கிழமையே கண்டனான். பற்றரியைக் குடிச்சுக்கொண்டு கிடந்துது. நீங்களா வாய் திறந்து கேப்பீங்கள் எண்டு பாத்தன்.”

“அப்ப, கொட்டாஞ்சேனையில…”

“கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். உங்கட பிரஷர் இறங்கோணும் எண்டு பதின்மூண்டு செவ்வாய் மெழுகுதிரி கொளுத்த நேர்ந்தனான். சைவக்காரருக்கு அங்க என்ன வேலை எண்டு கத்துவீங்கள், பிரஷர் ஏறும். அதான் சொல்லேல்லை.”

அவள் விரல் வைத்துத் திறந்து கொடுக்க, நாடாளுவோர் குழுக்களுக்கு இன்னும் கைகூடாத வேவொழிப்பை அவன் ஒரு நொடியில் முடித்தான். தண்டிக்க உரிமையுள்ளவள் அவனுக்குப் பிட்டே பரிமாறினாள். அக்கருணையின் முன் வாள் தாழ்த்தி, “இனி யாம் வேவு பாரோம், வாயால் கேட்டறிவோம்! எஞ்சிய செவ்வாய்களில் உடன் வருவோம்!” என்று அடுப்படி அதிரச் சூளுரைத்தான் அம்மாவீரன்.

செவ்வாய்க்கிழமை இருவரும் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டு போனார்கள்.