கசப்பு உபகுழுவின் சாதனை

மருந்து கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை; யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மருந்தே அல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் மேதைகள் வேண்டும். அப்படிப்பட்ட மேதைகள் ஐந்து பேர் எங்கள் மூலிகை ஆராய்ச்சி நிலையத்தில் உண்டு. அவர்களில் ஒருவனான செயலாளர் நான்தான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். மலேரியாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த ஒரு பச்சிலையை எங்கள் ஆய்வுக்கூடத்து அம்மா சோதித்தார். கண்ணாடிக் குழாயில் கிருமிகள் செத்துப்போயின. அடுத்தது நோயாளிகள். எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை உண்டு. கூடவே பாதிப் பேருக்கு இலைக் கஷாயம், மீதிப் பேருக்குப் 'போலிக் கஷாயம்'. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. இலையோ கொடுங்கசப்பு. ஆகவே போலியும் அதே அளவு கசக்க வேண்டும். ஆனால் எதற்கும் பயன்படக் கூடாது. அதைத் தேடத்தான் எங்கள் ஐவரைக் கொண்ட 'கசப்பு உபகுழு' பிறந்தது.

முதல் கூட்டத்தில் இயக்குநர் பாகற்காய்ச் சாற்றை முன்மொழிந்தார்.

"ஐயோ, அது சர்க்கரை வியாதிக்கு நல்லதாச்சே!" என்றார் நூலகர்.

"அப்ப வேப்பிலை?"

"வயித்துப் பூச்சிக்கு அதைத்தானே குடுப்பாங்க!"

அடுத்த மாதம் சர்க்கரை போடாத காபியை நான் கொண்டுபோனேன். "எனக்குத் தலைவலிக்கு இதுதான் மருந்து" என்று இயக்குநர் தள்ளுபடி செய்தார். குடித்துவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். இப்படி மாதம் ஒரு கசப்பு. கசப்பவை எல்லாம் எதற்காவது நல்லதாகவே இருந்து தொலைத்தன. உலகம் இவ்வளவு நல்லது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

நடுவில் ஒருநாள் காய்ச்சல் வார்டு நர்ஸ் வந்து நின்றார். "சார், முன்னெல்லாம் மூணு நாள்ல இறங்கின காய்ச்சல் இப்ப பத்து நாளாகுது. மாத்திரைக்குக் கிருமி பழகிப்போச்சு. நாலாம் கட்டில் தையல்காரர் இந்த வருஷம் மூணாவது தடவையா படுத்திருக்கார். சோதனைக்கு நான் ரெடின்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டார். எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"அவசரப்பட்டா அது விஞ்ஞானம் இல்லை, சிஸ்டர்" என்றார் இயக்குநர். நர்ஸின் கவலையை 'ஆழ்ந்த அனுதாபத்துடன்' குறிப்பேட்டில் பதிவு செய்தோம்.

மூன்றாவது மழைக்காலத்தில் தையல்காரரே வந்துவிட்டார், நர்ஸின் கைத்தாங்கலில். இயக்குநரின் கோட்டைத் தைத்தவர் அவர்தான். இப்போது அவருடைய சொந்தச் சட்டையே தொளதொளவென்று தொங்கியது.

"ஊசியில நூல் கோக்க முடியலை சார், கை உதறுது. கடையைத் திறந்து ரெண்டு மாசமாச்சு. அப்படி என்னதான் தேடறீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார்: "கசக்கணும்ப்பா. ஆனா ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்கக் கூடாது. மூணு வருஷமா தேடறோம், அப்படி ஒண்ணு உலகத்திலேயே கிடைக்கலை."

தையல்காரர் எங்கள் ஐந்து பேரையும் அளவெடுப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார்:

"கண்ணாடி பார்த்தீங்களா, சார்?"

செயலாளர் என்ற முறையில் அன்றைய முடிவை நான் எழுதினேன்: 'தேடிய பொருள் கிடைத்துவிட்டது. கூட்ட அறையிலேயே ஐந்து உள்ளன. கசப்பு, நோயாளியால் உறுதி செய்யப்பட்டது. பயனின்மை, மூன்றாண்டுகளாக நிரூபிக்கப்பட்டுள்ளது.' மற்ற நால்வரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் கெட்ட பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் ஒரே வாரத்தில் வந்தது: 'பாராட்டுகள். கண்டறியப்பட்ட பொருளை மேலும் மூன்றாண்டுகளுக்கு, ஈரம் படாத இடத்தில், பத்திரமாக வைத்திருக்கவும்.'

பத்திரமாகவே இருக்கிறோம். தையல்காரர் மறுபடியும் நாலாம் கட்டிலுக்கு வந்துவிட்டார்.