கௌதாரி கண்டுபிடித்த மூன்று

ஒரு காட்டில் கோடையில் குளங்களெல்லாம் வற்றி, ஒரே ஓர் ஊற்று மட்டும் மிஞ்சியது. அங்கே வரிசையில் நின்றால் சுரைக்குடுக்கையால் தண்ணீர் அளந்து கொடுப்பார்கள். ஏழு குஞ்சுகளுக்குத் தாயான கௌதாரி விடிந்ததும் வந்துவிடுவாள். வீட்டில் ஏழு வாய் வறண்டு கிடக்க, அவளுக்கு நின்ற இடத்தில் கால் நிலைக்காது.

ஊற்றடியில் 'தலைக்கு ஏற்ற தண்ணீர்' என்று ஓர் அட்டவணை தொங்கியது. ஒருநாள் அதைப் பார்த்துக் காலால் மண்ணில் கீறிக் கணக்குப் போட்டாள். கீரி வீட்டில் மூன்று தலை, ஒன்பது குடுக்கை. மான் வீட்டில் ஆறு தலை, பதினெட்டு. முயல் வீட்டில் பத்துத் தலை, முப்பது. எந்த வரியில் வகுத்தாலும் மூன்றுதான் வந்தது. தன் வரிக்கு வந்தாள். எட்டுத் தலை, பதினெட்டு. இரண்டும் சொச்சமும் வந்தது. கடைசி வரியில் புலி. ஒரு தலை, ஒன்பது.

"நகரு தாயி, மண்ணைக் கிளறினா தண்ணி வருமா?" என்றது பின்னால் நின்ற உடும்பு.

கௌதாரி நேரே கணக்கர் ஓணானிடம் போனாள். "அண்ணே, தலைக்கு மூணுன்னா எனக்கு இருபத்துநாலு வரணும். ஆறு குறையுது. புலியாருக்கு ஆறு கூடுது."

ஓணான் தலையை ஆட்டி ஆட்டி எல்லா வரியையும் வகுத்துப் பார்த்தார். "சரியாத்தான் சொல்றே. அந்த மூணுக்குப் பேரு மாறிலி. யாருக்காகவும் மாறாது. மனு எழுதிக் கொடு."

மறுநாள் அட்டவணை திருத்தப்பட்டிருந்தது. கௌதாரி: ஆறு தலை, பதினெட்டு. புலி: மூன்று தலை, ஒன்பது.

"அண்ணே, தண்ணியை மாத்தச் சொன்னா தலையை மாத்திட்டீங்களே!"

"புலியார் தண்ணியிலே யாரு கை வைக்கிறது? இப்போ எல்லாருக்கும் மூணு வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறமென்ன? உன் குஞ்சு ரெண்டு அவர் வீட்டுக்கு மாறியாச்சு. சாயங்காலம் தலை எண்ண வருவாங்க. அங்கே இருக்கணும்."

"அங்கே போனா இருக்குமா அண்ணே?"

"எண்ணுற வரைக்கும் இருந்தாப் போதும்."

கௌதாரிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "பழையபடி தப்பாவே எழுதிடுங்க."

"தப்பைத் திருத்தத்தான் மனு. தப்பைத் திருப்பிக் கேட்க மனு கிடையாது."

கௌதாரி யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'புதிய அட்டவணையில் பிழை உள்ளது. என் வீட்டில் எட்டுத் தலை. புலியார் வீட்டில் ஒரு தலை. தண்ணீர் சரியாக இருக்கிறது.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஓணான் முத்திரை குத்தினார். பதினெட்டுக் குடுக்கையை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். குஞ்சுகளுக்கு ஆளுக்கு இரண்டரை ஊற்றி, மிஞ்சிய அரைக் குடுக்கையைத் தான் குடித்தாள்.

"ஏம்மா, நமக்கு மட்டும் குறையுது?" என்றது ஒரு குஞ்சு.

"குறையலை. குடி."

நீதி: பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால், கணக்கில் ஒரு பிழை இருக்கட்டும்.