பட்டையை இடது ஓரத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே உன் அத்தை நலம். நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீயும் உன் குழுவும். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். கையால்தான் எழுதுகிறேன், காகிதத்தில் யாரும் எதையும் என்னைக் கேட்காமல் இடம் மாற்றுவதில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் என் கணினியில் உங்கள் இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, "இது ஓப்பன் சோர்ஸ் மாமா, நாங்க ஏழு பேர் சேர்ந்து பாத்துக்கறோம், உங்க இஷ்டத்துக்கு எப்படி வேணும்னாலும் வெச்சுக்கலாம்" என்று சொன்னவன் நீ. நானும் ஐகான்கள் நிற்கும் பட்டையை இடது ஓரத்தில் வைத்துக்கொண்டேன். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைத் தேய்த்தபோது தெறித்த பொறி என் வலது கண்ணைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். போன மாதம் அப்டேட் வந்தது. பட்டை வலது ஓரத்துக்குப் போய்விட்டது. போனதோடு நிற்காமல் ஒளிந்தும் கொண்டது. மாற்றலாம் என்று செட்டிங்கைத் தேடினால் அதையே காணோம், எளிமைக்காக எடுத்துவிட்டார்களாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் தலையை முழுதாக வலப்பக்கம் திருப்பித் திருப்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. "எந்த வண்டி இடிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். "அப்டேட்" என்றேன். சரி, நாமே வழி பண்ணுவோம் என்று திரையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன், பட்டை இடப்பக்கம் வந்தது, எழுத்தெல்லாம் தலைகீழாகப் போனது, "இனி நீங்களும் தலைகீழா நின்னுதான் எழுதணும்" என்றாள் உன் அத்தை. திரையை நிமிர்த்திவிட்டு, அடுத்து சவரக் கண்ணாடியை எதிரே நிறுத்தி அதில் பார்த்து மவுஸை நகர்த்த, அது நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் ஓட, எங்கோ அழுத்தியதில் நான்காம் அத்தியாயம் மொத்தமும் அழிந்துவிட்டது. பதினோரு பக்கம். மெக்கானிக்குகளுக்காக நான் எழுதும் லிஃப்ட் கையேட்டை அடுத்த மாதம் எங்கள் சங்கம் அச்சுக்குக் கொடுக்கிறது. அழிந்தது பிரேக் அத்தியாயம். பிரேக் இல்லாத லிஃப்டை எவனும் ஏற்கமாட்டான், கையேட்டை மட்டும் ஏற்பானா?

உங்கள் குழுவின் விவாதப் பக்கத்தில் முறையிட்டேன். நீ சுருட்டை என்று கூப்பிடுவாயே, அந்தப் பையன் பதில் போட்டான்: "ஐயா, நூத்துல ரெண்டு பேர்தான் அந்த செட்டிங்கைத் தொடறாங்க. மத்தவங்களுக்குக் குழப்பம்." லிஃப்டில் அபாய மணியை நூற்றில் இரண்டு பேர்கூடத் தொடுவதில்லை தம்பி, கழற்றிவிடலாமா என்று கேட்டேன். இன்னொருவர் வந்தார்: "சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு, பிடிக்கலன்னா நீங்களே மாத்திக்கோங்க." இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், மோட்டார் அறை திறந்துதான் இருக்கிறது, ஏறிப்போய் நீங்களே சரி பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு நாள் சொல்லியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பாமே. செட்டிங்கைத் திருப்பிக் கொடுக்க மூன்று பேர், கூடாதென மூன்று பேர், மிச்சம் நீ. எனக்குச் சலுகை வேண்டாம். பெட்டிக்குள் நிற்பவனுக்கு எது நல்லது என்று பெட்டியைச் செய்தவன் தனியாக முடிவு செய்யக்கூடாது. முப்பத்துநான்கு வருடம் லிஃப்டோடு கிடந்தவன் சொல்கிறேன். அதை மனதில் வைத்துக் கையைத் தூக்கு.

நீ நீண்ட நாள் நன்றாக இரு. உன் கழுத்து இரண்டு பக்கமும் சுலபமாகத் திரும்பட்டும். என் தங்கையிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல், அவளிடம் அல்ல என்பதையும் சொல்.

இப்படிக்கு,
இடது கண்ணால் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்
மாமா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அத்தை இதைப் படித்தாள். "லிஃப்ட்ல கதவு மூடற பட்டன் கதையை எழுதலையே?" என்றாள். நான் மாட்டிய லிஃப்டுகளில் அந்தப் பொத்தானுக்குக் கம்பி கிடையாது. அவசரக்காரன் அழுத்தினால் பின்னால் வருகிறவர் கை நசுங்கும் என்று நானே கழற்றிவிட்டேன். கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். அழுத்தினவர் தானே மூடியதாக நினைத்துக்கொள்வார். "அப்போ யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்றாள். ஒருவரையும் கேட்கவில்லை. "நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன்" என்றதால் எழுதுகிறேன். ஆகவே உன் மனசாட்சிப்படி ஓட்டுப் போடு, மேலே எழுதியதற்காகப் போடாதே. ஆனால் செட்டிங்கைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் கம்பியோடு கொடுங்கள். வெறும் பொத்தானை வைத்துக் கிழவனைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று சுருட்டை நினைத்தால், அந்த வேலையை அவனுக்கு முன்பே செய்தவன் யார் என்று அவனுக்குச் சொல்லிவை.