குதிரை வீட்டு விலாசம்

படத்தை நம்ம வெப் பேஜுக்குள்ளயே வச்சுக்கணுமா, அடுத்தவன் பேஜுல இருக்கிற படத்துக்கு விலாசம் குடுத்தாப் போதுமான்னுதானே கேட்டீங்க? பொதியப்பன் கதையைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

ஒரு காட்டுல பொதியப்பன்னு ஒரு கழுதை இருந்துச்சு. பொண்ணு பார்க்கப் போற வீட்டுலயெல்லாம் குதிரை மாதிரி நடந்து காட்டும். காப்பிகூடக் குடுக்காம அனுப்பிருவாங்க. ஏழு சம்பந்தம் இப்படித் தட்டிப்போச்சு. எட்டாவது, ஆத்தோரத்துக் கானமுத்து பொண்ணு. அதை விட்டா அந்தக் காட்டுல வேற கழுதைப் பொண்ணே கிடையாது. நேர்ல வரவேணாம், உங்களைப் பத்தி ஒரு பேஜ் போடுங்க, வெள்ளிக்கிழமை குடும்பத்தோட பார்க்கிறோம்னுட்டாரு கானமுத்து.

பொதியப்பன் பேஜுக்கு வேண்டிய ஹெச்.டி.எம்.எல். எல்லாம் ஒழுங்காத்தான் எழுதுச்சு. போட்டோ வைக்கிற இடம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்துச்சு. பெருமூச்சு விட்டுச்சு. பக்கத்துக் கொட்டகைக் குதிரை துரைசிங்கத்தோட பேஜுல இருந்த படத்துக்கு விலாசத்தைக் குடுத்திருச்சு. படத்தை எடுத்துக்கல, விலாசம் மட்டும்தான். யார் திறந்தாலும் பேஜு குதிரை வீட்டுக்கு ஓடி, அங்க என்ன மாட்டியிருக்கோ அதைத் தூக்கிட்டு வரும்.

வியாழக்கிழமை துரைசிங்கத்துக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. சண்டைக்கெல்லாம் போகல. தன் படத்தைக் கழட்டிட்டு, அதே பேருல வேற ஒண்ணை மாட்டிருச்சு. கடைகள்ல கல்லாவுக்கு மேல தொங்குமே, "என்னைப் பார் யோகம் வரும்"னு ஒரு கழுதை, அதை.

வெள்ளிக்கிழமை பேஜைத் திறந்து பார்த்த பொதியப்பனுக்குக் காது ரெண்டும் தொங்கிப்போச்சு. மாத்துறதுக்குள்ள போன் வந்திருச்சு.

"நீங்க குதிரையாட்டம் அலட்டுவீங்கன்னு ஊரே சொல்லுச்சு மாப்ளே"ன்னாரு கானமுத்து. "படத்தைப் பார்த்தா அசல் கழுதை. நம்ம புள்ளைக்கு அதுதான் வேணும். அதுவும் யோகக் கழுதை."

அன்னையிலேர்ந்து காடே காலையில எந்திரிச்சதும் அந்தப் பேஜுலதான் முழிக்குது. அத்தனை பேருக்கும் படம் போறது குதிரை வீட்டுலேர்ந்து. அந்தச் சுமை தாங்க முடியாம படத்தைக் கழட்டப் போச்சு துரைசிங்கம். என் யோகத்துல கை வச்சா மிதிச்சிருவேன்னு யானை சொல்லிட்டுப் போச்சு.

என்ன பண்றதுன்னு குதிரை யோசிச்சுட்டு நிக்கிறப்ப, பொதியப்பன் கல்யாண வீட்டுலேர்ந்து ஆள் வந்து கூப்பிட்டாங்க.

"துரைசிங்கம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நேரமாச்சு. முதுகைத் தொடச்சுட்டு வாப்பா."

குதிரை போயிருச்சு.

நீதி: அடுத்தவன் படத்தைத் திருடாதே, விலாசம் குடு. உன் படத்தை அவனே மாட்டுவான். உன்னையும் சேர்த்துச் சுமப்பான்.