அம்புரோஸ் பெரியப்பா இறந்த சனிக்கிழமை

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அம்புரோஸ் பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் வலேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் அனைவரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கத்தான் பயமாக இருக்கிறது. போன சனிக்கிழமை யாரும் விசாரிக்காமலேயே உங்கள் வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

உங்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் வீட்டில் சோறு என்று அப்பா சொல்லிவிட்டார். கேட்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன்.

என் ஆராய்ச்சி இதுதான். வெகுதூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் ஒரு பெரிய கருந்துளை இருக்கிறது. சுற்றியிருப்பதையெல்லாம் தின்கிறது, தின்கிற அவசரத்தில் கொஞ்சத்தைத் தாரையாக வெளியே பீச்சியடிக்கிறது. உங்கள் அடுக்குமாடி மேனேஜ்மென்ட்டும் அப்படித் தின்கிறதுதான், வெளியே விடுவதில்லை, அவ்வளவே வித்தியாசம். அந்தத் தாரை நம்மைப் பார்த்து நேராக இருந்தால் சில நாள் திடீரென்று பிரகாசமாகும். அப்போது ரேடியோ, கண்ணுக்குத் தெரியும் ஒளி, எக்ஸ்ரே, காமா என்று உலகத்தில் இருக்கும் எல்லா வகைத் தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தகவல் சொல்வது என் வேலை.

சனிக்கிழமை மதியம் ஜோசஃபின் அத்தையை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். ரசம் ஊற்றும்போது தாரை வெடித்துப் பிரகாசமாவதாகச் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் ரேடியோ தொலைநோக்கியில் வேலை செய்யும் நம்ம கிள்ளான் பையன் குகனைக் கூப்பிட்டேன். கடை இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"காலைலேர்ந்து ஏறிக்கிட்டே போவுது குகன். இன்னும் ரெண்டு நாள் தாங்குனா பெரிசு. எல்லாத்துக்கும் சொல்லிரு, பாக்கிறவங்க இப்பவே பாத்துக்கட்டும்லா."

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி அன்றைக்கு ஆறாவது நாள். அத்தை இலையை மூடிவிட்டார். பாயசம்கூட வாங்கவில்லை. யாருக்கு என்ன என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நம் ஆட்களில் சாவுச் செய்தியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு, அடுத்தவருக்கு அனுப்புவதுதான் மரியாதை. முதல் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவதில் போய்விட்டீர்கள். ஐந்தாவதில் அடக்கம் ஞாயிறு நாலு மணி என்று உங்கள் பழைய பாஸ்போர்ட் படத்தோடு வந்தது. எங்கள் தொழிலில் ஒரே தொலைநோக்கி பார்த்ததை நம்பமாட்டோம், பெரியப்பா. வேறு வேறு கருவி தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் ஏழு குழு உறுதிசெய்தது. ஏழிலும் செய்தி போட்டது ஜோசஃபின் அத்தையே. அப்பா போன துக்கத்தில் மார்வின் அண்ணன் பாவம் அழுதுகொண்டிருப்பான் என்று அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் கிடங்கில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். உங்கள் லிஃப்ட் ஓடாமல் பதினொரு வாரம். மார்வின் அண்ணன் வாரத்துக்கு மூன்று தடவை உங்களை முதுகில் சுமந்து டயாலிசிஸுக்கு ஏழு மாடி இறக்கி ஏற்றுகிறான். அந்த முப்பது பேரில் ஒருத்தர்கூட ஏழு மாடி ஏறவில்லை. எல்லாருக்கும் முட்டிவலி. ஆளைப் பார்க்காமலேயே கீழே பந்தலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். நீங்கள் மேலேயிருந்து பார்த்துவிட்டு, யாருக்கோ கல்யாணம், பிரியாணி வாசனை மட்டும் இன்னும் வரலையே என்று நினைத்தீர்களாம்.

அப்புறம்தான் மலர்வளையத்தோடு நம் தொகுதி ஒய்பி வருகிறார் என்று செய்தி வந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஏழு மாடி ஏறுவாரா? பதினொரு வாரமா "ஸ்பேர் பார்ட் வரல அங்கிள்"னு சொன்ன அதே மேனேஜ்மென்ட், ரெண்டரை மணி நேரத்துல லிஃப்ட்ட ஓட வச்சிருச்சு. உயிரோட இருக்கிறவன் போட்ட ஒன்பது புகார் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல. செத்தாத்தான் இந்த ஊர்ல மனுசன் கண்ணுக்குத் தெரியிறான்.

ஒய்பி கதவைத் தட்டினார். நீங்கள் கைலியோடு, மைலோ குவளையோடு திறந்தீர்கள்.

"யாருய்யா செத்தது?" என்றீர்களாம்.

"நீங்கதான் அங்கிள்," என்று சொல்லி, வளையத்தை உங்கள் கையிலேயே கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு நானே காரணம். இனி பொது இடத்தில் போனில் கத்திப் பேசமாட்டேன். ஜோசஃபின் அத்தை காதுபட வேலை விஷயம் பேசவேமாட்டேன். ஆரோக்கிய மாதா உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். மார்வின் அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
வலேரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மார்வின் அண்ணன் கூப்பிட்டான். லிஃப்ட் இன்று காலை மறுபடி நின்றுவிட்டதாம். மேலே நான் கொடுத்த வாக்குறுதிகளை அடித்துவிடுங்கள். சனிக்கிழமை அதே கடைக்கு அத்தையை அழைத்திருக்கிறேன், குகனிடமும் சொல்லியாயிற்று. இந்த முறை தட்டினால் உடனே கதவைத் திறக்காதீர்கள். லிஃப்ட் நாலு தடவை ஏறி இறங்கட்டும்.